ஊசியும் உபகாரமும்

தானத்தை ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என நான்காக வகுத்து, நாம் இளமையிலேயே மனனம் செய்துவிடுகிறோம். இந்நான்கினுள் ஆடைக்குத் தனியிடம் இல்லை. ஆரியாங்கனைகளுக்கு வெண்ணிற ஆடை அளிக்கும் வாய்ப்பைச் சிராவகர் இல்லங்கள் பெரும்பேறாகக் கருதுகின்றன. ஆயினும் பட்டியலில் அதற்கெனத் தலைப்பு அமையவில்லை. துறவின் முடிவான நிலையில் ஆடையையும் களைந்த முனிவரைப் போற்றும் சமயத்தில் இஃது இயல்பே. ஆனால் இல்லறத்தார் உலகம் வேறு. அங்கே குளிரும் நாணமும் வறுமையும் உண்டு. கிழிந்த ஆடையால் பள்ளிக்குச் செல்லக் கூசும் குழந்தையும் உண்டு.

அண்மைக் காலத்தில் நம் மகளிரிடையே ஒரு விருப்பம் அடிக்கடி எழக் காண்கிறோம். வாரம் ஒருநாள் ஓரிடத்தில் கூடுவோம். குழந்தைகளுக்குச் சட்டையும் முதியோருக்குப் போர்வையும் பைகளும் தைப்போம். விழாநாளில் அவற்றை ஆதரவற்றோர் இல்லங்களுக்கு வழங்குவோம் என்பதே அவ்விருப்பம். நல்ல எண்ணம்தான். பொழுதும் பொருளும் நற்செயலில் கழியும். இவ்வழியில் நமக்கு முன்னே நடந்தவர்கள் பலர். அவர்கள் எங்கே இடறினர், யார் அவர்களைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்டனர் என்பதை அறிந்துகொண்டு தொடங்குவது நலம். அவ்வரலாற்றுள் ஒரு பகுதி இங்கிலாந்தில் நிகழ்ந்தது. மற்றொரு பகுதி எதிர்பாராத வகையில் மதுரை வரை வந்து சேர்ந்தது.

1882ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வுல்வர்ட்டன் சீமாட்டி என்பவர் ஒரு சிறு சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய கணவரின் பண்ணைநிலம் இருந்த டார்செட் பகுதியில் ஓர் அனாதை இல்லம் இருந்தது. அங்குள்ள பிள்ளைகளுக்கு உடை வேண்டியிருந்தது. சீமாட்டி தம் தோழியரை அணுகி, ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டே உடைகளைத் தம் கையால் செய்து தந்தால் போதும் என்றார். ஒன்று உடுத்தியிருக்கையில் மற்றொன்றைத் துவைக்கலாம் என்பதே இரண்டு என்னும் கணக்கின் பொருள் என்பர். இலண்டன் தையற்கலைக் கழகம் என்ற பெயருடன் அது வளர்ந்தது. 1885இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அதைப் பார்த்து மற்றொரு கழகம் தோன்றியது. டெக் கோமகள் இலண்டன் கழகத்துக்குப் புரவலரானார். அவர் மகள் மேரி, வந்து குவியும் உடைகளைப் பிரித்து அடுக்குவதில் தாய்க்குத் துணைநின்றார். பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் துணைவியாக அரியணை ஏறிய மேரி அரசியார் இவரே.

ஆண்டுக்கு இரண்டு என்ற அளவை நான் மிகவும் மதிக்கிறேன். பெரிய வாக்குறுதி தந்து சோர்ந்துபோவதினும் சிறிய விரதம் ஏற்றுத் தவறாது காப்பது மேல் என்பது அணுவிரத மரபில் வந்த நமக்குப் புதிதன்று. முப்பதாண்டுக் காலம் அக்கழகம் அவ்வாறே நடந்தது. சோதனை 1914இல் வந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் பிரிட்டன் போர் அறிவித்தது. அடுத்த சில நாள்களிலேயே மேரி அரசியார், போர்வீரர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உடைகள் தைத்துத் தருமாறு நாட்டுப் பெண்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். கழகம் மேரி அரசியார் தையற்கலைக் கழகம் எனப் பெயர் பெற்றது. செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் ஒரு முற்றம் அதன் பண்டகசாலையாயிற்று. சீமாட்டிகளும் நடுத்தரக் குடும்பப் பெண்களும் பள்ளிச் சிறுமியரும் ஊசியைக் கையில் எடுத்தனர். சட்டைகளும் காலுறைகளும் கழுத்துப் போர்வைகளும் கட்டுக்கட்டாக வந்து குவிந்தன.

இதே வாரங்களில் இலண்டனின் மற்றொரு பகுதியில் நிகழ்ந்ததையும் காணவேண்டும். போர் வந்தவுடன் செல்வர் வீடுகள் சிக்கனத்தில் இறங்கின. புத்தாடைக்குக் கொடுத்திருந்த வேலைகளைத் திரும்பப் பெற்றன. ஆடை தைக்கும் கடைகளில் கூலிக்கு உழைத்த ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நாளில் வேலை இழந்தனர். இவர்களுடைய நிலை அதற்கு முன்பும் இரங்கத்தக்கதாகவே இருந்தது. 1843இல் தாமஸ் ஹூட் என்னும் கவிஞர் சட்டை தைக்கும் ஏழைப் பெண்ணின் துயரைப் பாடி 'பஞ்ச்' இதழில் வெளியிட்டபோது நாடே கலங்கிற்று. கலங்கியதேயன்றிக் கூலி உயரவில்லை. எழுபதாண்டு கழித்தும் அப்பெண்ணின் பேரப்பிள்ளைகள் அதே விளக்கின்கீழ் அதே ஊசியுடன் அமர்ந்திருந்தனர். இப்போது அவர்கள் செய்து பிழைத்த வேலையையே, வசதியுள்ள பெண்கள் தொண்டு என்ற பெயரில் கூலியின்றிச் செய்யத் தொடங்கினர். இலவசமாக வரும் சட்டை ஒவ்வொன்றும் விலைக்கு வாங்கப்படாத சட்டை. விலைக்கு வாங்கப்படாத சட்டை, ஒரு பெண்ணின் அன்றைய உணவு.

இதை உரக்கச் சொன்னவர் மேரி மக்ஆர்தர். கிளாஸ்கோ நகரில் கடை நடத்திய ஒருவரின் மகள். தொழிலாளர் சங்கக் கூட்டம் ஒன்றைக் கேட்கச் சென்று, அதன் ஊழியராகவே ஆகிவிட்டவர். 1906இல் பெண் தொழிலாளர்க்கெனத் தேசியக் கூட்டமைப்பை நிறுவினார். 1910இல் கிராட்லி ஹீத் என்னும் ஊரில் இரும்புச் சங்கிலி அடிக்கும் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கி வென்றார். அரசியாரின் வேண்டுகோள், நல்லெண்ணத்தால் எழுந்ததாயினும், வேலையற்றுத் தவிக்கும் தையற்பெண்களின் வாழ்வை முற்றிலும் அழித்துவிடும் என்று அவர் எச்சரித்தார்.

இதன்பின் நிகழ்ந்ததுதான் எனக்கு வியப்பளிப்பது. அரசியார் சினங்கொள்ளவில்லை. தம்மைக் குறைகூறிய தொழிற்சங்கத் தலைவியை அழைத்துப் பேசினார். பட்டத்தரசியும் கடைக்காரர் மகளும் எதிரெதிரே அமர்ந்து கூலியைப்பற்றியும் வேலையின்மையைப்பற்றியும் உரையாடினர். தைப்பவர்கள் கூலிக்கு உழைப்போரின் வேலையைப் பறிக்கக் கூடாது என்பது அரசியாருக்கு விளங்கிற்று. ஆகஸ்டு மாதம் முடிவதற்குள் பெண்களுக்கு வேலையளிக்க அரசியார் பெயரில் தனி நிதி திரட்டப்பட்டது. பெண்கள் வேலைவாய்ப்புக்கென ஒரு நடுவண் குழு அமைந்தது. அதன் மதிப்புறு செயலராக மேரி மக்ஆர்தரே அமர்த்தப்பட்டார். ஒரு தவற்றைச் சுட்டியவரிடமே அதைத் திருத்தும் பொறுப்பையும் ஒப்படைத்த பெருந்தன்மை, நம் சங்கங்களின் நிர்வாகிகளும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அதோடு எல்லாம் சீராகிவிட்டதென்று எண்ணவேண்டா. குழு தொடங்கிய வேலைக்கூடங்களில் மணிக்கு மூன்று பென்ஸ், வாரத்துக்கு மிகுதியாகப் பத்து ஷில்லிங் என்று கூலி வரையறுக்கப்பட்டது. கிழக்கு இலண்டனில் ஏழைப் பெண்களிடையே பணிசெய்த சில்வியா பாங்க்ஹர்ஸ்ட், இது வயிறார உண்ணவும் போதாது என்று கடுமையாகக் கண்டித்தார். அவ்வாண்டின் இறுதிக்குள் போ என்னும் பகுதியில் தாமே ஒரு பொம்மைத் தொழிற்சாலையை நிறுவி, பெண்களுக்கு அதைவிட நல்ல கூலி கொடுத்தார். போர் நீடித்தபோது படைக்கருவித் தொழிற்சாலைகள் பெண்களை வேலைக்கு அழைத்தன, வேலையின்மை நீங்கிற்று. 1914இல் எழுந்த வினா மட்டும் நீங்கவில்லை.

வேறொரு சிக்கலும் இருந்தது. அது சற்று நகைப்புக்கு இடமானது. தைக்கத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் தைத்ததால், கழுத்து நுழையாத சட்டைகளும் கால் நுழையாத காலுறைகளும் போர்முனைக்குச் சென்றன. வீரர்களுக்குச் சட்டை தைக்கும் சூசி என்ற பெண்ணைப்பற்றி, நாக்குப் பிறழும்படி அமைந்த கேலிப்பாடல் ஒன்று அவ்வாண்டிலேயே இங்கிலாந்தெங்கும் பாடப்பட்டது. கொடுப்பவர் மனநிறைவையே கருதி, பெறுபவர் உடம்பை மறந்தால் இந்நிலைதான். முடிவில் அரசே தலையிட்டது. 1915இல் தன்னார்வ அமைப்புகளை ஒழுங்குசெய்ய ஓர் உயர் அலுவலர் அமர்த்தப்பட்டார். எந்த ஊருக்கு எது தேவை, எந்த அளவில் வெட்டவேண்டும் என்பன வரையறுக்கப்பட்டன.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாய முடிவில் உமாசுவாமி ஆசாரியர் தானத்தின் சிறப்பைக் கூறுமிடத்தில், கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவன், பெறுபவன் ஆகிய நான்கின் வேறுபாட்டால் தானத்தின் பயனும் வேறுபடும் என்கிறார். இலண்டன் சீமாட்டிகள் அந்நூலைக் கண்டவரல்லர். ஆனால் இந்நான்கில் ஒவ்வொன்றிலும் அவர்கள் அடிபட்டே பாடம் கற்றனர். நம்மிடம் சூத்திரம் முன்னரே இருக்கிறது. அதை முனிவர்க்கு ஆகாரம் அளிக்கும்போது நினைவுகூர்கிறோம். மற்ற வேளைகளில் நினைவுகூர்கிறோமா என்பது வேறு.

இனி இந்தியர் கதைக்கு வருவோம். போர் அறிவிக்கப்பட்ட அதே வாரத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு கப்பல் இங்கிலாந்தை அடைந்தது. அதில் காந்தியடிகளும் கஸ்தூரிபாவும் வந்திறங்கினர். காந்தியடிகள் அங்கிருந்த இந்தியரைத் திரட்டிக் காயமுற்றோர்க்கு உதவும் படை ஒன்றை அமைத்து, முதலுதவிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். அப்போது இலண்டனில் லைசியம் என்னும் மகளிர் மன்றம் போர்வீரர்க்கு உடைகள் தைத்துத் தரும் பணியை மேற்கொண்டிருந்தது. அதன் உறுப்பினராயிருந்த சரோஜினி நாயுடு அப்பணியில் முழுமையாக ஈடுபட்டிருந்தார். காந்தியடிகளுக்கும் அவருக்கும் முதல் அறிமுகம் அப்போதுதான். அளவுபார்த்து வெட்டிய துணிகளைக் குவியலாகக் கொண்டுவந்து காந்தியடிகள்முன் வைத்து, அனைத்தையும் தைத்துத் திருப்பித் தரவேண்டும் என்றார் கவிக்குயில். அவரும் மகிழ்ந்து ஏற்று, முதலுதவிப் பயிற்சிக்கு இடையே நண்பர்களின் துணையோடு இயன்றவரை தைப்பித்துக் கொடுத்தார். தம் சத்தியசோதனையில் அவரே இதைப் பதிந்திருக்கிறார். பின்னாளில் விடுதலைப் போரில் தோளோடு தோள் நின்ற இருவரின் நட்பு, ஒரு தையற்சங்கத்தின் துணிக்குவியலில் தொடங்கியது என்பதை நம்மில் பலர் அறியோம்.

காந்தியடிகள் போர்ப்பணியில் இறங்கிய செய்தி தென்னாப்பிரிக்காவை எட்டியதும் அங்கிருந்த நண்பர் போலக்கிடமிருந்து ஒரு தந்தி வந்தது. அஹிம்சையைப் போற்றுகின்ற நீங்கள் போர்ப்பணியில் இறங்குவது பொருந்துமா என்பதே அதன் சாரம். இக்கேள்வி ஜைனர் ஒருவர் கேட்டது போலவே இருக்கிறது. இல்லறத்தில் இருந்தே வைராக்கியம் பயின்ற ஸ்ரீமத் ராஜசந்திரரை 1891இல் பம்பாயில் சந்தித்து, பின்னர் மடல்வழி ஐயங்களைத் தீர்த்துக்கொண்ட காந்தியடிகளுக்கு அதன் கனம் தெரியும். அவர் தப்பிக்க முயலவில்லை. போரில் காயமுற்றோர்க்குப் பணிவிடை செய்வதோடு நின்றுகொள்பவனும் போரின் குற்றத்தினின்று விடுபட்டவனாகான் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பேரரசின் குடிமகனாக இருக்கும் வரை தமக்கு வேறு வழி புலப்படவில்லை என்றார். தம் விளக்கம் நண்பர் எல்லாரையும் நிறைவுசெய்யவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என வினைக்கு மூன்று வாயில்களை நம் ஆசாரியர்கள் காட்டியுள்ளனர். போர்வீரனின் சட்டையைத் தைப்பவன் இவற்றுள் எவ்வாயிலில் நிற்கிறான்? குளிரில் நடுங்கும் ஓர் உயிர்க்கு இரங்கித் தைப்பதாயின் அது கருணை. அச்சட்டையை அணிந்து அவன் மறுநாள் மற்றோர் உயிரைக் கொல்லச் செல்கிறான் என்பதை அறிந்தே தைப்பதாயின் அது என்ன? இரண்டும் ஒரே தையல்தான். இதற்கு ஒரு சொல்லில் விடைகூற எனக்குத் துணிவில்லை. காந்தியடிகளே தம் சுயசரிதையில் இதைத் தர்மசங்கடம் என்ற முறையில்தான் பேசுகிறார்.

அவர் மார்புச்சளி நோயால் நலிந்து, 1914 டிசம்பரில் இலண்டனை விட்டுப் புறப்பட்டு, 1915 ஜனவரி 9ஆம் நாள் பம்பாயில் இறங்கினார். அடுத்து நாம் அவரைக் காணவேண்டிய இடம் மதுரை.

1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டிலிருந்து அவர் முழங்காலளவு வேட்டி மட்டும் அணிந்து வெளியே வந்தார். கதர் வாங்கப் பணமில்லை என்று கூறிய ஏழை மக்களின் சொல் அவரை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது. மேலாடை துறந்த அந்நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. ஆனால் அதன்பின் மூன்று வாரத்தில் அவர் எழுதிய ஒன்று இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. அந்நியத் துணியைத் தீயிடுவதைவிட ஆடையற்றவர்க்கு அளித்தால் என்ன என்பது அந்நாளில் பலர் எழுப்பிய வினா. இராட்டை இயக்கத்தைக் குறித்துத் தாகூர் எழுப்பிய ஐயங்களுக்கு அக்டோபர் 13 நாளிட்ட 'யங் இந்தியா'வில் அவர் விடையெழுதினார். ஆடையற்ற ஏழைக்கு அவன் கேட்காத ஆடைகளைக் கொடுப்பது அவனை இழிவுபடுத்துவதாகும். அவனுக்கு வேண்டியது வேலை. அதையே தருவேன் என்பது அவர் விடையின் கருத்து. ஏழாண்டுகளுக்கு முன் இலண்டனில் துணிக்குவியலை ஏற்றுத் தைத்துக் கொடுத்தவர்தான் இவ்வாறு எழுதினார். மேரி மக்ஆர்தர் அரசியாரிடம் கூறியதும், மதுரை மக்களிடம் இவர் கற்றதும் ஏறத்தாழ ஒன்றே.

ஆயினும் கைத்தொண்டை அவர் தள்ளிவிடவில்லை என்பதைக் கருதவேண்டும். வசதியுள்ளவர் நாள்தோறும் வேள்வியாக நூற்கவேண்டும், அதற்குக் கூலி பெறலாகாது என்றார். வயிற்றுக்காக நூற்பவர்க்கோ நேரிய கூலி தரப்படவேண்டும் என்றார். 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் நிறுவப்பட்டது. 1935இல் கதரின் விலை ஏறினாலும் கவலையில்லை என்று நூற்போரின் கூலியை உயர்த்தச் செய்தார். ஒரே இராட்டை ஒருவர்க்கு நோன்பு, மற்றவர்க்கு உணவு. முன்னவர் பின்னவரின் இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாயிருந்தார்.

தமிழகத்தின் தென்கோடியில் இதற்கு நூறாண்டுக்கு முன்னமே ஒரு முன்னோடி உண்டு. நாகர்கோவிலில் கிறித்தவ மிஷன் பணிக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் ஏழைப் பெண்களுக்குப் பின்னல்சரிகை வேலையைக் கற்பித்தார். அவர்கள் பின்னியவை விலைபோயின. அவ்வருவாயைக் கொண்டு பெண்கள் சிலர் அடிமைநிலையினின்று விடுதலை பெற்றனர் என்று மிஷன் வரலாறுகள் கூறும். அங்கே துணியைக் கொடுக்கவில்லை, ஊசியைக் கொடுத்தார்கள்.

நம் நூல்களிலும் இவ்வேறுபாட்டுக்கு இடமுண்டு. ஜினசேனாசாரியர் ஆதிபுராணத்தில் தத்தி எனப்படும் கொடையை நான்காகப் பகுக்கிறார். அச்சமுற்ற உயிர்கள்பால் இரங்கிச் செய்வது தயாதத்தி. தவத்தோர்க்கு வழங்குவது பாத்திரதத்தி. தன்னை ஒத்த இல்லறத்தார்க்கு மதிப்போடு அளிப்பது சமதத்தி. வழித்தோன்றலிடம் குடும்பப் பொறுப்பை ஒப்படைப்பது அன்வயதத்தி. நம்மவர் ஏழைக்குக் கொடுப்பதை எல்லாம் முதல்வகையில் சேர்த்துவிடுகின்றனர். தையல் இயந்திரம் வாங்க வழியற்றிருக்கும் ஒரு சிராவிகைக்கு அதை வாங்கித் தந்து, அவளிடமே வேலையும் கொடுத்து, உரிய கூலியும் தருவது எவ்வகை? அதைச் சமதத்தியில் சேர்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. பண்டிதர்கள் உடன்படாவிடில் திருத்தட்டும். தன் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு செல்பவளைப் பார்த்து யாரும் இரங்குவதில்லை என்பதை மட்டும் அவர்கள் கருதவேண்டும்.

இன்றைய நிலைக்கு ஒரு சான்று. தமிழக அரசுப் பள்ளிகளில் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சீருடை வழங்கப்படுகிறது. அதைத் தைப்பவர்கள் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த பெண்கள். வெட்டிய துணியைப் பெற்று வீட்டிலேயே தைத்துத் திருப்பித் தருவோர் அவர்களுள் மிகப்பலர். கைம்பெண்களும் கணவரால் கைவிடப்பட்டோரும் அவர்களுள் உண்டு. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான அரசுத் திட்டத்தில் இலவசத் தையல் இயந்திரம் பெற்றுத் தொழில் செய்வோரும் ஊர்தோறும் இருக்கின்றனர். நம் சங்கத்தார் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கத் துணியும்போது, அதே தெருவில் ஒரு தையற்காரப் பெண் இருக்கிறாளா என்று முதலில் பார்க்கலாம். இருப்பின் துணியை நாம் வாங்கி, தையலை அவளிடம் கொடுத்தால் பிள்ளைக்குச் சட்டையும் அவளுக்கு உணவும் ஒரே செலவில் முடியும். கழுத்தும் நுழையும்.

அவ்வாறாயின் நம் மகளிர் கூடித் தைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எவரும் கூலிக்குச் செய்யாதவை, கடையில் விலைக்குக் கிடைக்காதவை, ஆனால் தேவைப்படுபவை உலகில் உண்டு. நம் சமூகத்துக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன்.

பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் அம்மையார், இளம் வயதில் கணவனை இழந்து, எஞ்சிய வாழ்நாளை அறத்துக்கே ஆக்கினார். பொன்னர் இயற்றிய சாந்திபுராணம் அழிந்துவிடக் கூடாதென்று அதை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். தானசிந்தாமணி என்று இரன்னர் அவரைப் போற்றினார். ஆயிரம் படிகளை ஒருவர் தனியே எழுதியிருக்க இயலாது. எத்தனை எழுத்தாணிகள் அதற்கு உழைத்தனவோ! அச்சு இல்லாத காலத்தில் சாத்திரதானம் என்பது முழுமையும் கைவேலையே. ஓலையைப் பதப்படுத்துவதும், எழுதுவதும், மையிடுவதும், கயிறு கோப்பதும், துணியில் பொதிவதும் தனித்தனிக் கைகளின் வேலை.

அவ்வேலைகளுள் கடைசியானது மட்டும் இன்றும் ஆண்டுதோறும் தேவைப்படுகிறது. ஜேஷ்ட சுக்கில பஞ்சமியை நாம் சுருதபஞ்சமி எனக் கொண்டாடுகிறோம். தரசேனாசாரியரிடம் பாடங்கேட்ட புஷ்பதந்தரும் பூதபலியும் ஆகமத்தை ஏட்டில் ஏற்றி முடித்த நாள் அது. அவர்களுள் பூதபலி திராவிட நாட்டுக்கு வந்தார் என்பது மரபு. அந்நாளில் சாத்திரங்களை வெளியே எடுத்துத் தூசு தட்டி, பழைய உறையை நீக்கிப் புதிய துணியில் பொதிந்து வைப்பது வழக்கம். ஆனால் நம் ஊர்ச் சினாலயங்கள் சிலவற்றிலும் இல்லங்கள் பலவற்றிலும் தாத்தாவின் ஏட்டுக்கட்டு அவர் சுற்றிய துணியிலேயே இன்னும் இருக்கிறது. சில இடங்களில் நெகிழிப்பையில் கட்டி வைத்துள்ளனர். நெகிழி ஈரத்தை உள்ளே நிறுத்தி ஓலையைப் பூசணத்துக்கு இரையாக்கும்.

இவ்வுறையைக் கூலிக்குத் தைப்பவர் எவரும் இல்லை. ஒவ்வொரு கட்டும் ஒவ்வோர் அளவு. ஆகவே கடையிலும் கிடைக்காது. சாயமேற்றாத பருத்தித் துணி போதும். பட்டு வேண்டா; பட்டுப்பூச்சியைக் கொன்று பெற்ற நூலால் அஹிம்சையைப் போதிக்கும் ஏட்டைப் போர்த்துவது தகாது. துணியைக் கஞ்சி போக அலசி, வெயிலில் நன்கு உலர்த்தி, கட்டின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கும், இருமுறை சுற்றி மடிக்கும் அகலமும் வைத்து வெட்டவேண்டும். நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, ஒரு மூலையில் பருத்தி நாடா கோக்கவேண்டும். பழைய கட்டுகளைக் கழுத்தில் இறுக்கினால் ஓலை முறியும். நாடா தளர்வாகவே இருக்கட்டும். சிறு துணிப்பையில் வசம்புத் துண்டு இரண்டிட்டு உள்ளே வைத்தால் பூச்சி அண்டாது. அதற்காக எதையும் கொல்லவும் வேண்டா. உறையின்மேல் நூலின் பெயரையும் ஊரின் பெயரையும் பின்னல் தையலில் எழுதிவிட்டால், பிரித்துப் பார்க்காமலே இன்ன ஏடு என்று தெரியும்.

அடுத்த சுருதபஞ்சமிக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் தத்தம் ஊர்ச் சினாலயத்தில் எத்தனை கட்டுகள், என்னென்ன அளவில் இருக்கின்றன என்று அளந்து எழுதி வைத்தால், வெட்டும் வேலையைத் தொடங்கிவிடலாம்.